வசந்தம் என்னும் நோய்

வங்க மொழியில் 'வசந்தம்' என்னும் சொல் இரண்டு பொருள் தரும். ஒன்று, மாமரம் பூத்துக் குயில் கூவும் இளவேனிற் காலம். மற்றொன்று, அம்மை நோய். பெரியம்மைக்கு மணி வசந்தம் என்று பொருள்படும் பெயரும், சின்னம்மைக்கு நீர் வசந்தம் என்று பொருள்படும் பெயரும் அங்கே வழங்கி வந்தன. பருவமும் பிணியும் ஆண்டுதோறும் கைகோத்து வந்தமையால் பருவத்தின் பெயரே பிணிக்கும் பெயராயிற்று. தமிழ்நாட்டில் நாம் மாரியம்மனுக்கு வேப்பிலை சார்த்தியது போலவே, வங்கத்தார் சீதளா தேவிக்குப் பூசை செய்தனர். கழுதையை ஊர்தியாகவும், துடைப்பத்தையும் நீர்க்குடத்தையும் கைப்பொருளாகவும் உடைய அத்தெய்வத்தின் பெயருக்குக் 'குளிர்ந்தவள்' என்பது பொருள். சுரத்தால் கொதிக்கும் உடம்புக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று கருதியதில் இரு நாட்டாரும் ஒத்திருந்தனர்.

பருவத்துக்கும் பிணிக்கும் உள்ள உறவு வெறும் நம்பிக்கை அன்று. கல்கத்தாவில் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியை நிறுவப் பாடுபட்ட லெனார்ட் ராஜர்ஸ் என்பவர், 1926-ஆம் ஆண்டு இந்தியாவின் தட்பவெப்பத்தையும் பெரியம்மையையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். காற்றில் ஈரம் குறையும் காலத்தில் நோய் ஏறுவதையும், மழை வந்ததும் அது தணிவதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். மாரி பொழிந்தால் அம்மை தணியும் என்று நம் முன்னோர் சொன்னதை நேயர்கள் இங்கே நினைவு கூரலாம்.

அந்தப் பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1980-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு அதன் ஒழிவை முறைப்படி அறிவித்தது. எனினும், கண்ணுக்குத் தெரியாத அவ்வளவு சிறிய வைரஸ், தற்காப்பு மிகுந்த மனித உடலை எவ்வாறு வென்று வந்தது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கத் தொடங்கியது, நோய் ஒழிந்த பிறகே. அந்த விடையையும், அதற்கு முன் கல்கத்தா நகரம் அந்நோயோடு நடத்திய நெடும் போரையும் சேர்த்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராயிருந்து, 1760-இல் சில மாதங்கள் வங்கத்தின் கவர்னராகவும் அமர்ந்த ஜான் ஸெபனியா ஹால்வெல் ஒரு வைத்தியர். 1767-ஆம் ஆண்டு அவர் லண்டன் மருத்துவக் கல்லூரியாருக்கு ஒரு சிறு நூல் எழுதி அளித்தார். வங்கத்தில் அம்மை குத்தும் முறையை விவரிப்பது அந்நூல். இதே ஹால்வெல்தான் கல்கத்தாவின் இருட்டறைக் கதையை உலகுக்குச் சொன்னவர். அக்கதையில் அவர் எண்ணிக்கையைப் பெருக்கினார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆகவே அவர் சொல்லை எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். ஆயினும் வைத்திய விஷயத்தில் அவர் எழுதியவை நுட்பமானவை. நேரே கண்டு எழுதியவர் கை அதில் தெரிகிறது.

இளவேனிலுக்குச் சற்று முன்னரே பிராமணர்கள் மூவர் நால்வராகக் கூடி ஊர் ஊராக வருவார்கள் என்கிறார் அவர். அம்மை குத்திக்கொள்ள விரும்புவோர் ஒரு மாதத்துக்கு மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்க வேண்டும். மீனை ஒரு மாதம் விலக்குவது வங்கத்தாருக்கு எத்துணைப் பெரிய தவம் என்பதைக் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர் அறிவர்! பிறகு கையின் புறப்பகுதியை உலர்ந்த துணியால் தேய்த்து, சிறு கருவியால் இலேசாகக் கீறி, முந்திய ஆண்டு குத்தியவரின் கொப்புளத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சீழைப் பஞ்சில் தோய்த்து, அதன் மேல் கங்கை நீர் இரண்டு மூன்று துளி விட்டு, அப்பஞ்சைக் கீறலின் மேல் வைத்துக் கட்டுவர். புதிய சீழை அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. தானே அம்மை கண்டவரின் சீழையும் தொட்டதில்லை. ஓராண்டு பழமையான சரக்குதான் வேண்டும்.

இது மட்டுமன்று. காற்றிலே மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களே நோயைத் தூண்டுகின்றன என்று அவர்கள் கருதினர் என்றும் ஹால்வெல் எழுதுகிறார். கிருமிக் கொள்கை ஐரோப்பாவில் நிலைபெறுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் எழுதப்பட்ட சொற்கள் இவை. இதைக் கொண்டு நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால், கண்டதை ஆராய்ந்து, ஒழுங்குபட்ட முறையாக்கித் தலைமுறைதோறும் காத்து வந்தனர் என்பதை மறுக்க இயலாது.

இந்தத் தொழிலைச் செய்தவர்கள் பிராமணர் மட்டும் அல்லர். பூமாலை கட்டும் மாலாகார வகுப்பினரும் பலர் இதில் இருந்தனர். சீதளா தேவியின் பூசாரிகளாகவும் அவர்கள் விளங்கினர். மக்கள் அவர்களைத் 'டீக்காதார்' என்று அழைத்தனர். அச்சொல்லின் முதற்பகுதியாகிய 'டீக்கா'வே இன்றும் வங்கத்தில் தடுப்பூசிக்கு வழங்கும் பெயர்.

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் கோவசூரிச் சீழைக் குத்தும் முறையைச் சோதித்தார். 1798-இல் நூலாக வெளியிட்டார். அம்மைப்பால் என்று நாம் பிற்காலத்தில் அழைத்தது அதையே. பாக்தாத், பாஸ்ரா வழியாக அது பம்பாய் வந்து, 1802 ஜூன் மாதத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையில் பொரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவை அடைந்தது. பனிக்கட்டிப் பெட்டியும் விமானமும் இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு குழந்தைக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று உயிருள்ள தொடராகவே அதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கல்கத்தாவில் அம்மைப்பால் வேலையை மேற்பார்த்த ஜான் ஷூல்பிரெட் என்பவர் 1803 இறுதி வரை நடந்தவற்றை அறிக்கையாக எழுதி, 1804-இல் அந்நகரிலேயே அச்சிட்டார்.

மக்கள் புதிய முறையை உடனே ஏற்கவில்லை. அறியாமையே காரணம் என்று அக்கால அதிகாரிகள் எளிதாக எழுதிச் சென்றனர். நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. பழைய முறையில் ஒரு தடவை குத்தினால் வாழ்நாள் முழுவதும் காப்பு உண்டு. புதிய அம்மைப்பாலோ சில ஆண்டுகளில் வலிமை குன்றியது. வங்கத்தின் வெப்பத்தில் பல வேளைகளில் கெட்டும் போயிற்று. தன் குழந்தையின் கொப்புளத்தைக் கீறி ஊரார் பிள்ளைகளுக்கு எடுத்துச் செல்வதை எந்தத் தாய் விரும்புவாள்? மேலும், இடையில் வேறு நோய்களும் கைமாறுவதற்கு இடமிருந்தது.

ஆனால் மறுபுறமும் ஓர் உண்மை உண்டு. டீக்காதார் குத்தியது மெய்யான பெரியம்மை. குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர். நூற்றில் ஓரிருவர் இறப்பதும் உண்டு. அதனினும் கொடியது, குத்தப்பட்டவரிடமிருந்து நோய் அண்டை வீட்டாருக்குப் பரவுவது. அங்கே அது முழு வலிமையோடு எழுந்து, குத்திக்கொள்ளாதவரில் பத்தில் மூவரை வாரிச் செல்லும். 1865-இல் வங்க அரசு இயற்றிய சட்டம் கல்கத்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய முறையைத் தடை செய்தது. தடை சரியானதே என்பது நம் கருத்து. டீக்காதார்கள் பலரைப் பின்னர் அம்மைப்பால் குத்தும் வேலைக்கே அரசு அமர்த்திக்கொண்டது. கீறும் கை அதே கை, கீறலில் இட்ட சரக்கு மட்டும் வேறு.

இரண்டு சரக்குக்கும் என்ன வேறுபாடு? ஒன்று மெய்யான பெரியம்மை வைரஸ். மற்றொன்று வாக்ஸினியா என்று பெயர் பெற்ற அதன் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 மரபுக் கூறுகள். பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது. ஒன்று கொல்கிறது, மற்றொன்று காக்கிறது. இந்தப் புதிரை அவிழ்க்க ஷூல்பிரெடுக்கும் வழியில்லை, டீக்காதாருக்கும் வழியில்லை.

வழி 1957-இல் பிறந்தது. லண்டன் நகரின் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐஸக்ஸ் என்பவரும் ழான் லிண்டன்மான் என்பவரும், செத்த இன்புளுயன்ஸா வைரஸைக் கோழிக் கருவின் சவ்வில் இட்டுச் சோதித்தபோது, அச்சவ்வு ஏதோ ஒரு பொருளை வெளிவிடுவதையும், அப்பொருள் பட்ட பிற சவ்வுகளில் வைரஸ் வளர முடியாமற் போவதையும் கண்டனர். அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டனர். பெயர் எளிதில் கிடைத்தது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1970-களில் இயன் கெர் என்பவரும் அவர் தோழர்களும், இன்டர்பெரான் பட்ட உயிரணுக்களைப் பிழிந்தெடுத்த சாற்றில் நொதிகள், அதாவது என்சைம்கள், சில மறைந்திருப்பதைக் கண்டனர்.

அந்நொதிகளின் வேலையை அடுக்களை உவமையால் விளக்கலாம். வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பு இல்லை. அது பிறர் வீட்டு அடுக்களையில் புகுந்து தன் சமையலை நடத்தும் விருந்தாளி. உயிரணுதான் அந்த வீடு. புரதங்களைச் சமைக்கும் பொறியே அடுப்பு. வைரஸ் பெருகும்போது இரட்டை இழையாக முறுக்கிய ஆர்.என்.ஏ. என்னும் பொருள் மிகுதியாக உண்டாகிறது; ஆரோக்கியமான உயிரணுவில் அது அரிது. அதை அந்நியன் எழுப்பும் புகை என்று கொள்வோம். பி.கே.ஆர். என்னும் நொதி அந்தப் புகையை முகர்ந்து விழித்தெழுகிறது. இணை இணையாகச் சேர்கிறது. புரதச் சமையலைத் தொடங்கி வைக்கும் காரணி ஒன்றின் மேல் பாஸ்பேட் முத்திரையை ஒட்டிவிடுகிறது. முத்திரை ஒட்டியதும் அடுப்பு அணைகிறது. வீட்டாருக்கும் சோறில்லை, விருந்தாளிக்கும் சோறில்லை. அந்த உயிரணு சாகலாம். ஆனால் பக்கத்து வீடுகள் பிழைக்கும். மற்றொரு நொதி அதே புகையைக் கண்டு ஒரு சிறு மூலக்கூறைச் செய்து விடுக்க, அது வேறொரு நொதியை எழுப்பி, அடுக்களையில் கிடக்கும் சமையற்குறிப்புகளையெல்லாம், தனதென்றும் பிறரதென்றும் பாராமல், துண்டு துண்டாக நறுக்கச் செய்கிறது.

இவ்வளவு காவல் இருந்தும் வாக்ஸினியா இன்டர்பெரானுக்கு எளிதில் அடங்காது. காரணம் 1990-களின் தொடக்கத்தில் தெரிந்தது. அந்த வைரஸ் ஈ3, கே3 என்னும் இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ3 என்பது இரட்டை இழைகளைப் போர்த்தி மூடிவிடும். புகை வெளியே தெரியாது. கே3 செய்யும் தந்திரம் இன்னும் நயமானது. 88 அமினோ அமிலங்களே கொண்ட அச்சிறு புரதம், பி.கே.ஆர். முத்திரையிட வேண்டிய காரணியைப் போலவே வடிவம் கொண்டுள்ளது. நொதி ஏமாந்து போலியைப் பற்றிக்கொள்கிறது. உண்மைக் காரணி முத்திரை விழாமல் தப்பிச் சமையலைத் தொடர்கிறது. பெரியம்மை வைரஸிலும் இவ்விரண்டுக்கும் ஒத்த புரதங்களை எழுதும் கூறுகள் உள்ளன.

ஏமாறுவோர் என்றும் ஏமாந்துகொண்டே இருப்பதில்லை. 2009-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பலவகைக் குரங்கினங்களின் பி.கே.ஆர். நொதிகளை மனிதனுடையதோடு ஒப்பிட்டனர். போலியைப் பற்றும் இடத்திலேயே அந்நொதி மிக விரைவாக மாறி வந்திருக்கிறது. சில இனங்களின் நொதி கே3-இடம் ஏமாறுகிறது, சிலவற்றின் நொதி ஏமாறுவதில்லை. பல கோடி ஆண்டுகளாக வைரஸ்களோடு நடந்த மல்லின் தழும்புகள் அவை. வைரஸும் சும்மா இருப்பதில்லை. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஈ3-ஐ நீக்கிய வாக்ஸினியாவை மனித உயிரணுக்களில் வளர்த்தபோது, அது கே3-ஐ எழுதும் கூறைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்டது. எண்ணிக்கையால் சமாளித்த பின், அப்படிகளுள் ஒன்றில் தகுந்த மாறுதல் தோன்றியதும் மிகைப் படிகள் உதிர்ந்து மரபுத் தொகுதி மீண்டும் சுருங்கலாம் என்று அவர்கள் விளக்கினர். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி விரிந்து சுருங்குவதைப் போன்றது இது. (வானொலியில் 1940 முதல் முப்பதாண்டு காலம் ஆர்மோனியத்துக்கு இடமில்லாதிருந்ததைப் பழைய நேயர்கள் அறிவார்கள்.)

இனி, கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து வந்தனர். நகரின் கிழக்கே, ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கிய உப்பு ஏரிப் பகுதியில் பெரும் முகாம் ஒன்று எழுந்தது. இன்று விதான்நகர் என்று மாளிகைகள் நிற்கும் இடம் அது. கிழக்கு வங்கம் 1970-இலேயே பெரியம்மையிலிருந்து விடுபட்டிருந்தது. ஆனால் முகாமில் நோய் புகுந்தது. முதலில் அதைச் சின்னம்மை என்று எண்ணிவிட்டனர்; நீர் வசந்தம் என்று நினைத்தது மணி வசந்தமாக இருந்தது. தொலைக்காட்சியில் முகாமின் படத்தைக் கண்ட அமெரிக்க வல்லுநர்கள் அங்கிருந்தே ஐயுற்று எச்சரித்தனர் என்பது ஒழிப்புப் பணியின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அதற்குள் டிசம்பரில் போர் முடிந்தது. அகதிகள் புதிய வங்கதேசத்துக்கு மகிழ்ச்சியோடு திரும்பினர். அவர்களோடு நோயும் திரும்பியது. அந்நாடு அதைத் துடைத்தெறிய மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. இந்தியாவிலோ 1974-இல் மட்டும் 1,88,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. வீடு வீடாகத் தேடி, நோயாளியைச் சுற்றியுள்ளோர் அனைவருக்கும் குத்தி, வளையம் போட்டுத் தடுத்தனர். இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டறியப்பட்டார். வங்கதேசத்தின் கடைசி நோயாளி, அதே ஆண்டு அக்டோபரில் போலாத் தீவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி.

இப்போரின் இறுதிக்கட்டம் நம்மிடையே நடந்தமையால்தான், விஞ்ஞானிகள் 1990-களின் தொடக்கத்தில் முதன்முதலாக முழுமையாகப் படித்த பெரியம்மை வைரஸ்களின் பெயர்கள் 'இந்தியா-1967' என்றும் 'வங்கதேசம்-1975' என்றும் அமைந்தன. முன்னதை ரஷ்யரும் பின்னதை அமெரிக்கரும் படித்தனர். மனித உடலின் காவலை முறியடிப்பதற்கான கூறுகளை அவர்கள் அவ்வெழுத்துகளிடையே தேடினர்.

அவற்றுள் ஒன்று இரத்தத்தைப் பற்றியது. நம் இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்னும் நொதித் தொடர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்றையொன்று வெட்டித் தூண்டி, இறுதியில் சி3பி என்னும் புரதத்தை அந்நியக் கிருமியின் மேல் அப்பிவிடுவது அதன் வழக்கம், அப்பியது அழிந்தது. நம் சொந்த உயிரணுக்கள் மேல் தவறி ஒட்டினால், அதை வெட்டிச் செயலற்றதாக்க ஒரு நொதியும், அந்நொதிக்குத் துணை நிற்கும் புரதங்களும் நம்மிடமே உள்ளன. 1988-இல் கிரீஷ் கோட்வால், பெர்னார்ட் மாஸ் ஆகிய இருவரும் வாக்ஸினியா வெளிவிடும் ஒரு புரதம் அந்தத் துணைப் புரதங்களைப் போலவே இருப்பதைக் கண்டனர். நம் நொதியையே அழைத்து, கிருமியின் மேல் ஒட்டிய சி3பி-யை வெட்டச் செய்வது அதன் வேலை. திருடன் காவற்காரனின் கைக்கத்தியையே வாங்கித் தன் கட்டை அறுத்துக்கொள்வது போல!

பெரியம்மையின் புரதம் இதிலிருந்து 11 அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. உயிருள்ள வைரஸைத் தொடாமல், வாக்ஸினியாவின் கூறை அந்தப் பதினொரு இடங்களிலும் மாற்றி, அமெரிக்க விஞ்ஞானிகள் அப்புரதத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தனர். முடிவை 2002-இல் வெளியிட்டனர். மனிதனின் சி3பி-யைச் செயலற்றதாக்குவதில் அது வாக்ஸினியாவின் புரதத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வல்லது! அதற்கு 'ஸ்பைஸ்' என்று பெயர். புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் அரவிந்த் ஸாஹுவின் குழுவினர் இதை மேலும் துருவி, அப்பதினொன்றுள் சில இடங்களே பெரும்பங்கு வகிக்கின்றன என்று 2008-இல் காட்டினர். பெரியம்மை மனிதனையன்றி வேறு எவ்விலங்கிடமும் நிலைத்து வாழாதது. மனிதனுக்கென்றே வெட்டிய சாவி அது. வாக்ஸினியாவோ பல பூட்டுகளில் ஓரளவு நுழையும் சாவி. இந்த ஒரு புரதமே முழுக் காரணம் என்று யாரும் கூறவில்லை. ஆயினும், டீக்காதாரின் பஞ்சுக்கும் ஷூல்பிரெடின் ஊசிக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் ஒரு பகுதி, எண்ணிச் சொல்லக்கூடிய அந்தச் சில எழுத்துகளில் அடங்கியிருக்கிறது.

ஒழிந்த நோயைப் பற்றி இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பார் உண்டு. 1978-இல் பர்மிங்காம் நகரில், ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பெரியம்மை வைரஸ் வெளிப்பட்டு ஓர் உயிரைக் கொண்டது. இப்போது அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் ரஷ்யாவில் கோல்ட்ஸோவோவிலும் மட்டும், உலக சுகாதார நிறுவனத்தின் இசைவோடு, அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அம்மை குத்துவது 1970-களின் இறுதியில் நம் நாட்டில் நின்றுவிட்டது. அதற்குப் பின் பிறந்தோர் கையில் அந்த வட்டத் தழும்பு இல்லை. இக்குடும்பத்து வைரஸ்களுக்கு எதிரான காப்பும் இல்லை.

அக்குடும்பத்தின் மற்றொரு கிளையாகிய குரங்கம்மை 2022-இல் பல நாடுகளில் பரவியது. அவ்வாண்டு ஜூலையில் கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவ்வாண்டு பரவிய மேற்கு ஆப்பிரிக்க வகையில், நாம் மேலே சொன்ன இரத்தக் காவலை முறிக்கும் புரதம் இல்லை; காங்கோப் படுகையின் கொடிய வகையில் அது உண்டு. கே3-க்கு ஒத்த கூறோ, குரங்கம்மையில் சிதைந்து பயனற்றுக் கிடக்கிறது. மனித உடலில் அபோபெக்-3 என்னும் வேறொரு நொதிக் குலமும் உண்டு. அது வைரஸின் மரபெழுத்துகளைத் திருத்திக் கெடுக்க முயல்வது. 2022-இல் எடுத்த வைரஸ் மாதிரிகளைப் படித்தவர்கள், அந்நொதி கைவைத்த அடையாளங்கள் அவற்றில் வழக்கத்துக்கு மேல் நிறைந்திருப்பதைக் கண்டனர். விலங்கிடமிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொற்றியிருந்தால் அவ்வளவு அடையாளங்கள் சேர்ந்திரா. அவற்றை எண்ணிக் கணக்கிட்டே, அந்த வைரஸ் ஏறத்தாழ 2016 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஓசையின்றிப் பரவி வந்திருக்கிறது என்று அவர்கள் 2023-இல் எழுதினர்.